வாலில் ஒரு மணல் மூட்டை: குளோரியஸ் தளத்தில் இறங்கிய ஹரிகேன்கள், ஜூன் 1940

வலவன் | சனி, இரவு 9:12

போன வாரம் வேறொரு இழையில் ஒரு நண்பர், "கொக்கி இல்லாத போர்விமானம் கப்பலில் இறங்கவே முடியாது, பேச்சுக்கே இடமில்லை" என்று அடித்துச் சொல்லியிருந்தார். இறங்கியிருக்கிறது. அதுவும் ஒரு நாளுக்குள் பத்து. அந்த இழையைத் திசை திருப்ப வேண்டாம் என்று இங்கே தனியாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி நார்வேக்குள் புகுந்தது. வடக்கே நார்விக் துறைமுகத்தை மீட்க பிரிட்டன், பிரான்ஸ், போலந்துப் படைகள் போயின. அவர்களுக்கு வானத்தில் காவல் வேண்டும். அதற்காக பிரிட்டிஷ் விமானப்படையின் 46ஆம் ஸ்குவாட்ரன் என்ற பிரிவின் ஹரிகேன் போர்விமானங்களை எச்.எம்.எஸ். குளோரியஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். கிரேன் வைத்துத் தூக்கி ஏற்றியதுதான். மே 26 அன்று அவை கப்பலிலிருந்து கிளம்பி, ஹார்ஸ்டாட் பக்கம் ஸ்கோன்லாந்தில் இறங்கின. அங்கே தரை சொதசொத. இறங்கிய வேகத்தில் சில விமானங்கள் சேற்றில் மூக்குக் குத்தின. பிறகு மொத்தமாக பார்டுஃபோஸ் விமானத்தளத்துக்கு மாறினார்கள். இந்த மூக்குக் குத்தலை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மே 28 அன்று நார்விக் கைக்கு வந்தது. ஆனால் அதற்குள் பிரான்ஸ் சரிந்துகொண்டிருந்தது. பிடித்த ஊரை விட்டுவிட்டுக் கிளம்பு என்று உத்தரவு. ஜூன் முதல் வாரத்தில் இருபத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களைக் கப்பல் ஏற்றினார்கள். ஹரிகேன்களைக் கிரேன் வைத்து ஏற்ற நேரமும் இல்லை, வசதியும் இல்லை. பறந்து பிரிட்டன் வரை போகவும் முடியாது, அவ்வளவு எண்ணெய் பிடிக்காது. எரித்துவிட்டு வாருங்கள் என்பதுதான் சொன்ன வழி.

ஸ்குவாட்ரன் தலைவர் கென்னத் கிராஸ் ஒத்துக்கொள்ளவில்லை. கப்பலில் இறக்கிப் பார்க்கிறோம் என்று அனுமதி கேட்டார். அவருடைய விமானிகளில் ஒருவர்கூட அதற்கு முன் கப்பல் தளத்தில் இறங்கியதில்லை. கடற்படை விமானத்துக்கு வாலடியில் கொக்கி இருக்கும், தளத்தின் குறுக்கே கட்டிய வடத்தில் அது மாட்டி இழுத்து நிறுத்திவிடும். ஹரிகேனுக்கு அது கிடையாது. பிரேக் மட்டும்தான். அந்த பிரேக்கையும் அழுத்திப் பிடித்தால் வால் தூக்கி, விசிறி தரையில் மோதும். ஸ்கோன்லாந்தில் சேறு செய்த வேலையைக் கப்பலில் பிரேக் செய்துவிடும்.

அதற்கு அவர்கள் கண்ட வழி: உடம்பின் கடைசியில், வாலுக்குப் பக்கத்தில், 14 பவுண்டு மணல் மூட்டை. நம் கணக்கில் ஆறேகால் கிலோ. பார்டுஃபோஸ் ஓடுதளத்தில் இறங்கிப் பார்த்தார்கள், பிரேக்கை முழுதாக அழுத்தியும் வால் தரையிலேயே இருந்தது.

முதலில் மூன்று. நியூசிலாந்துக்காரரான பேட் ஜேம்சன் முன்னால் போனார். கடல்மேல் கப்பலைத் தேடிக் கண்டுபிடிக்கும் கருவியோ பயிற்சியோ ஹரிகேன் விமானிக்குக் கிடையாது. அதனால் வழிகாட்ட ஒரு ஸ்வார்ட்ஃபிஷ், துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானம். அது ஆமை. ஹரிகேன்கள் அதன் பின்னால் வேகத்தை அடக்கிக்கொண்டு போயின. மூன்றும் இறங்கின. பிறகு, 8ஆம் தேதி பிறந்த முதல் மணிகளில், கிராஸ் மிச்சம் ஏழு விமானங்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஜூன் மாதம், ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே. நடு இரவிலும் வெளிச்சம். குளோரியஸ் காற்றுக்கு எதிரே முழு வேகத்தில் ஓடிக்கொடுத்தது. பத்தும் தளத்தில் நின்றன.

மீதியை நாளை எழுதுகிறேன். மீதி நல்ல கதை இல்லை.

சந்தேகப்பிராணி | சனி, இரவு 10:03

அடித்துச் சொன்ன ஆள் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். ஹரிகேன் ஏறத்தாழ மூன்று டன். அதில் ஆறு கிலோ வைத்து என்ன ஆகப்போகிறது? அரிசிப் பை மாதிரி. விமானிகளின் மனத்தைத் தேற்ற வைத்திருப்பார்களோ?

மாட்டுவண்டி முருகேசன் | சனி, இரவு 10:40

வண்டி ஓட்டியவர்களிடம் கேளுங்கள். முன்பாரம் பின்பாரம் என்று ஒன்று உண்டு. நெல் மூட்டை இருபது ஏற்றியிருப்போம். அப்பா கடைசியில் நுகத்தடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பின்பாரமா இருக்கு, நீ முன்னாடி வந்து உக்காரு" என்பார். எனக்கு அப்போது எட்டு வயசு, என்ன எடை இருந்திருப்பேன்? நான் முன்னால் போய் உட்கார்ந்ததும் வண்டி சமனாகிவிடும். எடை எவ்வளவு என்பதைவிட அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

வலவன் | சனி, இரவு 11:05

முருகேசன் அண்ணன் சொன்னதேதான். ஹரிகேனின் நீளம் ஒன்பதரை மீட்டர் சொச்சம். முன் சக்கரங்கள் இறக்கையின் முன்விளிம்புப் பக்கம் இருக்கின்றன. அங்கிருந்து வால் ஐந்தாறு மீட்டர். அந்தக் கோடியில் வைத்த ஆறு கிலோவுக்கு மரியாதை தனி.

மூட்டை மட்டும் போதாது. கப்பல் 30 நாட் (மணிக்கு 55 கிலோமீட்டர்) வேகத்தில் காற்றுக்கு எதிரே ஓடுகிறது. விமானத்துக்குத் தெரிகிற காற்று வேகம் வேறு, தளத்தின்மேல் அது உருளுகிற வேகம் வேறு. மணிக்கு 120 கிலோமீட்டரில் வந்து தொட்டால் கப்பல் 55ஐக் கழித்துவிடும், வீசுகிற காற்று இன்னும் கொஞ்சம் கழிக்கும். கடைசியில் தளத்தில் ஓடுவது ஸ்கூட்டர் வேகம். ஹரிகேனின் பிரேக் காலில் இல்லை, கையில். கட்டுப்பாட்டுத் தண்டின் வளையத்தோடு சேர்ந்த ஒரு நெம்புகோல், சைக்கிள் பிரேக் மாதிரி பிடிக்க வேண்டும். அதை எவ்வளவு துணிந்து பிடிக்கலாம் என்பதற்குத்தான் மணல்.

தப்பித் தண்ணீரில் விழுந்தால்? ஹரிகேனின் அடிவயிற்றில் ரேடியேட்டர் தொங்கும். தண்ணீரைத் தொட்டதும் அது கரண்டி போல அள்ளி மூக்கை உள்ளே இழுக்கும். கடலில் இறக்கி மிதக்கவிடலாம் என்று யாரும் நம்பக்கூடிய விமானம் இல்லை அது.

மணிமாலா | ஞாயிறு, காலை 7:20

அங்கே ஆர்க் ராயல் என்ற இன்னொரு விமானந்தாங்கியும் இருந்தது அல்லவா? புதிய கப்பல், தளம் பெரியது. நீளமான தளத்தை விட்டுவிட்டு முதல் உலகப்போர்க் காலத்துக் கிழவிமேல் ஏன் இறங்கினார்கள்?

வலவன் | ஞாயிறு, காலை 8:02

லிஃப்ட். ஹரிகேன் இறக்கையை மடக்க முடியாது, அகலம் 40 அடி. ஆர்க் ராயலின் லிஃப்ட்டில் அது நுழையாது. மேலே இறங்கலாம், ஆனால் கீழே கொட்டகைக்குக் கொண்டுபோக முடியாது. மேலேயே நின்றால் ஆர்க் ராயலின் சொந்த விமானங்கள் கிளம்பவும் முடியாது இறங்கவும் முடியாது. குளோரியஸின் லிஃப்ட் பெரியது. தளம் குட்டையானாலும் அதுதான் வழி.

கிழவி என்றது சரிதான். 1917இல் பீரங்கிக் கப்பலாக வேலைக்கு வந்து, 1930இல் விமானந்தாங்கியாக மறுபிறவி எடுத்தது. அதன் அக்கா கரேஜியஸ், போர் தொடங்கிய அதே செப்டம்பரில் நீர்மூழ்கியிடம் சிக்கி மூழ்கிவிட்டது.

கீழைக்காற்று | ஞாயிறு, காலை 9:15

ஹரிகேன் ஹரிகேன் என்கிறீர்கள். 263ஆம் ஸ்குவாட்ரனின் கிளாடியேட்டர் போர்விமானங்களை யாரும் சொல்வதில்லை. அவையும் பத்து, அவையும் அதே கப்பலில்தான் இறங்கின. அந்த ஸ்குவாட்ரனுக்கு இது இரண்டாம் முறை. ஏப்ரலில் தெற்கே லெஸ்யாஸ்கூக் ஏரியில், உறைந்த பனிமேல் விமானத்தளம் அமைத்து இறங்கினார்கள். இரவில் எஞ்சின் உறைந்தது. காலையில் ஜெர்மன் குண்டுவீச்சு. ஒன்றிரண்டு நாளில் கையில் விமானமே இல்லை. திரும்பி வந்து புது விமானம் வாங்கிக்கொண்டு மறுபடி போன ஆட்கள் அவர்கள். இரட்டை இறக்கை என்பதால் கிளாடியேட்டர் மெதுவாக இறங்கும், மணல் மூட்டைக் கதை அதற்குத் தேவைப்படவில்லை. கதை இல்லாததால் பெயரும் இல்லாமல் போனது.

வலவன் | ஞாயிறு, மாலை 6:30

நன்றி கீழைக்காற்று. சரி, மீதி.

8ஆம் தேதி அதிகாலை குளோரியஸ், தான் கூட்டத்தோடு வராமல் தனியாக முன்னால் போக அனுமதி கேட்டது. கிடைத்தது. கூடவே ஆர்டென்ட், அகாஸ்டா என்று இரண்டு நாசகாரிக் கப்பல்கள் மட்டும். விமானிகள் களைத்துப்போய்க் கீழே தூங்கப் போனார்கள். வானம் தெளிவு, கடல் அமைதி.

மாலை நாலு மணி வாக்கில் அடிவானத்தில் இரண்டு கப்பல்கள். ஷார்ன்ஹோர்ஸ்ட், கினைசெனாவ் என்ற ஜெர்மன் போர்க்கப்பல்கள். இரண்டிலும் 11 அங்குல பீரங்கிகள். அந்த நேரம் குளோரியஸ் காவலுக்கு ஒரு விமானத்தைக்கூட மேலே அனுப்பியிருக்கவில்லை. பாய்மரக் கூண்டில் பார்வையாளர் இல்லை. ரேடார் அந்தக் கப்பலுக்கே கிடையாது. 4:32க்கு அதன்மேல் சுடத் தொடங்கினார்கள். 4:38க்கு, மூன்றாம் சுற்றிலேயே, ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஒரு குண்டு தளத்தைத் துளைத்து மேல் கொட்டகையில் வெடித்தது. கொட்டகையில் என்ன இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. கிராஸ் கொண்டுவந்து சேர்த்த ஹரிகேன்கள்தான் தீப்பிடித்தன. ஸ்வார்ட்ஃபிஷ்களுக்கு டார்ப்பிடோ மாட்ட ஆரம்பித்திருந்தார்கள், ஒன்றுகூடக் கிளம்பவில்லை.

ஆறு மணி தாண்டிப் பத்து நிமிடத்தில் குளோரியஸ் மூழ்கியது.

பாய்லர் பாண்டி | ஞாயிறு, இரவு 8:11

இருபத்தாறு வருஷம் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் கழித்தவன், அதில் ஆரம்ப வருஷங்கள் நீராவிக் கப்பல். விமானம் எனக்குத் தெரியாது. நான் படித்தவரை குளோரியஸில் 18 பாய்லர், அன்று 12தான் எரிந்துகொண்டிருந்தது, வேகம் 17 நாட். கரையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு "மிச்சம் ஆறையும் பற்றவைத்தால் ஆச்சு" என்பார்கள்.

குளிர்ந்த பாய்லர் அடுப்பு இல்லை. நெருப்பை ஏற்றியதும் உடனே சூட்டைக் கூட்டினால் குழாய் ஒரு பக்கம் விரியும், உருளை இன்னொரு பக்கம் விரியும், மூட்டுகள் கசியும். கொஞ்சம் எரி, நிறுத்து, பொறு, மறுபடி எரி. அழுத்தமானியின் முள் அசைவதற்குள் ஒரு சிகரெட் பாக்கெட் தீர்ந்துவிடும். ஒருமுறை துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை வந்தபோது எங்கள் சீஃப் அவசரப்பட்டார். அரை மணி மிச்சம் பிடிக்கப் பார்த்து, ஒன்றரை நாள் குழாய் அடைத்துக்கொண்டிருந்தோம். போர்க்கப்பல் பாய்லர் எங்களுடையதைவிடச் சீக்கிரம் எழும் என்பது உண்மைதான். ஆனாலும் எதிரி கண்ணில் பட்ட பிறகு பற்றவைத்தால் தாமதம் தாமதம்தான்.

நடு இரவில் பத்து விமானம் இறங்குவதற்காக அதே கப்பல் முழு வேகம் கொடுத்திருக்கிறது. விடிந்ததும் பாய்லரை அணைத்து எண்ணெய் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் மனசை அறுக்கிறது.

சந்தேகப்பிராணி | ஞாயிறு, இரவு 8:50

எண்ணெய் தட்டுப்பாடு என்பதால்தான் தனியாகவே கிளம்பியது என்று அட்மிரல்டி, அதாவது பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை, சொன்னதே. அப்போது பாய்லரை அணைத்ததும் பொருந்துகிறது.

மணிமாலா | ஞாயிறு, இரவு 9:22

பொருந்துகிற மாதிரி இருக்கும். அந்தக் கப்பலின் தலைவர் கை டாய்லி-ஹியூஸைப் பற்றிப் படியுங்கள். முதல் போரில் நீர்மூழ்கிக்காரர், மகா தைரியசாலி. 1915இல் ஈ-11 கப்பலிலிருந்து தனியாளாக நீந்திக் கரையேறித் துருக்கி ரயில் பாதையில் வெடி வைத்துவிட்டு நீந்தித் திரும்பியவர். ஆனால் விமானக்காரர்களோடு ஒத்துப்போகவில்லை. நார்வேயில் தரையிலக்குகளை ஸ்வார்ட்ஃபிஷ் வைத்துத் தாக்கச் சொன்னபோது, விமானப் பிரிவுத் தலைவர் ஹீத் ஆட்சேபித்தார். அவரை ஸ்காபா ஃப்ளோ கடற்படைத் தளத்தில் இறக்கிவிட்டு, ராணுவ நீதிமன்ற விசாரணைக்கு நிறுத்தினார். அந்த விசாரணையை நடத்தத்தான் அவ்வளவு அவசரமாகத் தனியே கிளம்பினார் என்று ஒரு பெரிய தரப்பு இன்றுவரை சொல்கிறது.

விமானக் காவல் ஏன் இல்லை என்ற கேள்விக்கும் இது விடை. விமானத்தைப் பற்றி எடுத்துச் சொல்லக்கூடிய ஆளைக் கரையில் விட்டுவிட்டு வந்த கப்பல் அது.

சந்தேகப்பிராணி | ஞாயிறு, இரவு 9:40

செத்தவர் வந்து பதில் சொல்ல முடியாது. கப்பலின் மேடைமேல் குண்டு விழுந்து அவரும் போய்விட்டார். நாமாக ஒருவரை வில்லனாக்கிவிட வேண்டாமே.

மணிமாலா | ஞாயிறு, இரவு 9:51

வில்லன் என்று நான் சொல்லவில்லை. பார்வையாளரை ஏற்றாமல் விட்டதற்கும், விமானத்தை அனுப்பாமல் விட்டதற்கும் கப்பல் தலைவர் பொறுப்பு. அவ்வளவுதான்.

பழைய ரேடியோ | திங்கள், காலை 6:48

முழுப் பழியையும் கப்பல்மேல் போடாதீர்கள். லண்டனிலும் தூங்கியிருக்கிறார்கள். எதிரியின் ரகசியச் செய்திகளை உடைக்கும் பிளெட்ச்லி பார்க்கில் ஹாரி ஹின்ஸ்லி என்று ஒரு கல்லூரிப் பையன் இருந்தார். ஜெர்மன் கடற்படைச் செய்திகளை அப்போது உடைத்துப் படிக்க முடியவில்லை. ஆனால் யார் யாருக்கு, எந்த அலைவரிசையில், எவ்வளவு பேசுகிறார்கள் என்பதை வைத்தே, பெரிய கப்பல்கள் பால்டிக்கிலிருந்து வெளியே வருகின்றன என்று கணித்தார். அட்மிரல்டிக்குத் தொலைபேசியில் சொன்னார். கேட்டுக்கொண்டார்கள், கடலில் இருந்த யாருக்கும் எச்சரிக்கை போகவில்லை. குளோரியஸ் போன பிறகுதான் அந்தப் பையனின் போனுக்கு மதிப்பு வந்தது.

கப்பல் மூழ்கிய செய்தியே ஜெர்மன் வானொலி அறிவித்த பிறகுதான் லண்டனுக்கு எட்டியது.

கீழைக்காற்று | திங்கள், காலை 8:30

நான் வேறொன்று கேட்கிறேன். உத்தரவுப்படி எரித்திருந்தால்? தரைப்பணியாளர்கள் படைவீரர் கப்பல்களில் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தார்கள். விமானிகளும் அவர்களோடு வந்திருப்பார்கள். இருபது விமானத்தைக் காப்பாற்றப் போய் இருபது விமானமும் போயின, கூடவே பதினெட்டு விமானிகளும் போனார்கள். 263இல் தலைவர் ஜான் டொனால்ட்சனையும் சேர்த்துப் பத்துப் பேர். 46இல் பத்தில் எட்டுப் பேர். ஜூலை 10 அன்று பிரிட்டன் வானில் பெரும்போர் தொடங்கியபோது தொழிற்சாலை விமானம் செய்து தள்ளியது. சண்டையில் தேறிய விமானிதான் கிடைக்கவில்லை.

வலவன் | திங்கள், காலை 9:14

கணக்கு சரி. ஆனால் ஜூன் 7 அன்று கிராஸுக்குத் தெரிந்ததை வைத்துப் பாருங்கள். பிரான்சில் நூற்றுக்கணக்கான ஹரிகேன்கள் போய்விட்டன. அன்றைக்குப் பற்றாக்குறை விமானம்தான். கடலில் ஜெர்மன் கப்பல் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்த அபாயம் ஒன்றே ஒன்று, அந்தக் குட்டைத் தளம். அதை அவர் கடந்துவிட்டார்.

என்னை உறுத்துவது வேறு. விமானிகள் ஆறேகால் கிலோ வரைக்கும் யோசித்து, ஓடுதளத்தில் சோதித்துப் பார்த்து, மூன்று பேரை முன்னால் அனுப்பி, அதன் பிறகுதான் மீதியைக் கொண்டுவந்தார்கள். அந்தக் கவனத்தில் கால்வாசியைக் கப்பல் மறுநாள் காட்டியிருந்தால் ஒரு ஸ்வார்ட்ஃபிஷ் மேலே சுற்றிக்கொண்டிருக்கும். அந்தத் தெளிவான வானில் ஷார்ன்ஹோர்ஸ்ட்டின் புகையை அது முன்கூட்டியே பார்த்திருக்கும்.

மாட்டுவண்டி முருகேசன் | திங்கள், மதியம் 1:05

46இல் மிஞ்சிய அந்த இரண்டு பேர் எப்படித் தப்பினார்கள்?

வலவன் | திங்கள், இரவு 9:30

கிராஸும் ஜேம்சனும். முதலில் இறங்கிய மூவரைக் கூட்டிவந்தவர் ஒருவர், பிந்திய ஏழு பேரைக் கூட்டிவந்தவர் ஒருவர். இருவரும் ஒரே மிதவையில்.

குளோரியஸிலிருந்து ஏறத்தாழ 900 பேர் உயிரோடு தண்ணீரில் இறங்கியதாகக் கணக்கு. ஜெர்மன் கப்பல்கள் நிற்கவில்லை. மிதவை என்றால் படகு என்று நினைக்காதீர்கள். பெரிய ட்யூப் மாதிரி ஒரு வளையம், நடுவில் மரச்சட்டத் தரை. உட்கார்ந்தால் கால் தண்ணீரில்தான். குடிதண்ணீர் இல்லை. ஆர்க்டிக் கடலின் குளிரில் முதல் இரவிலேயே ஆட்கள் ஒவ்வொருவராகத் தலை சாய்த்தார்கள். இருட்டாத இரவு என்பதால் பக்கத்தில் இருப்பவர் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏறத்தாழ மூன்று நாள் கழித்து போர்குண்ட் என்ற நார்வேக் கப்பல் அந்தப் பக்கம் வந்தது. எடுத்தவர்களை ஃபாரோ தீவுகளில் இறக்கியது. இன்னும் சிலரை வேறொரு நார்வேக் கப்பல் எடுத்தது. அவர்கள் ஜெர்மானியரிடம் கைதியானார்கள். மூன்று கப்பல்களிலும் சேர்த்து 1,500க்கும் மேல் சாவு, பிழைத்தவர் சுமார் 40.

கிராஸின் கால்கள் குளிரில் கெட்டுப்போயிருந்தன. தேறி மறுபடி பறந்தார். 1959இல் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைக்கே தலைவரானார். கியூப ஏவுகணை நெருக்கடி நேரத்தில் அந்த நாற்காலியில் இருந்தவர் இந்த மணல் மூட்டைக்காரர்தான்.

பாய்லர் பாண்டி | திங்கள், இரவு 10:02

அகாஸ்டாவைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். ஆர்டென்ட் முதலில் போய்விட்டது. குளோரியஸும் முடிந்தது என்று தெரிந்த பிறகு, அந்தச் சின்னக் கப்பல் புகைத்திரை போட்டு மறைந்து ஓடியிருக்கலாம். புகைக்குள்ளிருந்து வெளியே வந்து டார்ப்பிடோ விட்டது. ஷார்ன்ஹோர்ஸ்ட்டின் பின்பக்கப் பீரங்கிக்குக் கீழே ஒன்று அடித்தது. ஓட்டை, உள்ளே தண்ணீர், எஞ்சின் அறையும் பாதிப்பு. தாக்குதலை விட்டுவிட்டு இரண்டு பெரிய கப்பலும் நார்வேயின் ட்ரோண்ட்ஹைம் துறைமுகத்துக்குத் திரும்பின. வடக்கேயிருந்து படைவீரர்களை ஏற்றிக்கொண்டு வந்த கப்பல் கூட்டத்தை அவை தேடிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்! அகாஸ்டாவில் பிழைத்தவர் ஒரே ஒருவர்.

சந்தேகப்பிராணி | திங்கள், இரவு 10:25

அந்த ட்ரோண்ட்ஹைமுக்குத்தானே ஜூன் 13 அன்று ஆர்க் ராயலிலிருந்து 15 ஸ்குவா விமானங்கள் போயின? எட்டு திரும்பவில்லை. திரும்பிய ஏழு பேர் கப்பலைத் தேடி வந்த கதையை யாராவது எழுதுங்களேன். அங்கே கொக்கி இருந்தது, அதனால் நான் குறுக்கே பேச மாட்டேன்.

வலவன் | திங்கள், இரவு 10:31

சனிக்கிழமை எழுதுகிறேன். தனி இழையாக.